அந்தக் கண்ணாடியை யாருக்கு மாட்டுவது?

எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூரைத் தாண்டினால் கடலோரமாக வலை பின்னும் கூடங்கள் கண்ணில் படும். மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு, கீழே சிமெண்ட் தரை. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் ஏழெட்டுப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். கால் கட்டைவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் சுற்றிய ஊசியால் கிழிசலைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் விலை, தடைக்கால நிவாரணம், யார் பெண்ணுக்கு எங்கே வரன். யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை, எல்லார் கண்ணும் வலையில். ஆனாலும் ஒருவர் முடிக்கும் நொடியில் அடுத்தவர் பிசகாமல் தொடங்குகிறார். மூலையில் இருக்கும் பெரியவர் ஊசியைக் கீழே வைத்தால் மற்றவர்கள் குரல் தானாக இறங்குகிறது. ஊசியைக் கீழே வைப்பதுதான் அவர் கை தூக்குகிற விதம்.

கூடி உட்கார்ந்து பேசுவது இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழக்கம் மட்டுமில்லை, ஆயுதமும் கூட. 1918 ஏப்ரலில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முயன்று, பி.பி. வாடியாவைத் தலைவராக வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்களே, அது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து ஒன்றாக உட்கார்ந்த கூட்டங்களில் பிறந்தது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினக் கூட்டங்களை நடத்தியதும் கடற்கரையில்தான். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரில், இன்னொன்று திருவல்லிக்கேணியில். துறைமுக வாசலிலும் தொழிற்சாலை வாசலிலும் நடந்த வாயிற்கூட்டங்களைக் கணக்கெடுக்க முடியாது.

இன்று அந்த வட்டத்தில் பாதிப் பேர் ஊரில் இல்லை. மகன் சவூதியின் ஜுபைலில் வெல்டிங் வேலை, மருமகன் கப்பலில், பேத்தி பெங்களூரில். ஊரின் தலையெழுத்தை எழுதுகிறவர்களோ டெல்லியில் ஓர் அறையில். தூரத்தில் இருப்பவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவது எப்படி என்ற கேள்விக்கு உலகம் இப்போது ஒரு பதிலை நீட்டுகிறது. முகத்தில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டால், வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தது போலப் பார்க்கலாம், பேசலாம், எழுந்து நடக்கலாம். சோஷியல் வி.ஆர். என்று பெயர். கூடிப் பேசும் மெய்நிகர் உலகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பதில் எண்ணூருக்கு உதவுமா என்று பல மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உதவும். ஆனால் கண்ணாடியை எல்லோரும் நினைக்கிற ஆள் தலையில் மாட்டினால் உதவாது.

இருநூறு மில்லிநொடி

ஒருவர் பேச்சை முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? 2009ல் ஸ்டிவர்ஸ் என்ற மொழியியலாளரும் அவருடைய குழுவினரும் உலகின் பத்து மொழிகளில் இதை அளந்து பார்த்தார்கள். சராசரியாக 200 மில்லிநொடி அளவில் வந்தது. கண் சிமிட்டும் நேரம். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் வலைக்கூடத்தில் ஒரு மதியம் உட்கார்ந்தவருக்குத் தமிழை அளந்து காட்டத் தேவையில்லை.

இவ்வளவு குறுகிய நேரத்தில் யோசித்துப் பதில் சொல்ல முடியாது. எதிராளி முடிக்கப்போகிறார் என்பதை மனிதர்கள் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறார்கள். குரல் தாழ்வது, மூச்சு இழுப்பது, தோள் அசைவது, கண் திரும்புவது என்று சின்னச் சின்ன அடையாளங்கள் சேர்ந்து ‘இனி உன் முறை’ என்று சொல்கின்றன.

வீடியோ காலில் இந்த அடையாளங்கள் உடைகின்றன. இணையம் கொஞ்சம் தாமதித்தாலே இருநூறு மில்லிநொடி முந்நூறு, நானூறு என்று நீண்டு, இருவர் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க’, ‘இல்ல நீங்க சொல்லுங்க’ என்று தடுமாறுகிறார்கள். எல்லாக் குரலும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து ஒரே பக்கமாக வருகிறது. யார் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது தெரிவதே இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் உலகத்தை ஆராயும் ஜெரமி பெய்லென்சன், பெருந்தொற்றுக் காலத்து வீடியோ கூட்டங்கள் ஏன் மனிதரை அப்படி அலுக்கச் செய்தன என்று 2021ல் எழுதினார். எல்லா முகமும் எந்நேரமும் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் சட்டத்துக்குள் உட்கார வேண்டியிருப்பது, சாதாரணமாகத் தெரிய வேண்டிய ஜாடைகளை மெனக்கெட்டுக் காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பது என்று நான்கு காரணம் சொன்னார். மாதக்கணக்கில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பைப் பார்த்த எந்தத் தாயும் இந்த நான்கையும் ஒப்புக்கொள்வாள்.

மெய்நிகர் அறை இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு, ஓர் இருக்கை உண்டு. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் பேசினால் குரல் இடது காதில் ஒரு துளி முன்னதாகவும் உரக்கவும் கேட்கும். எழுந்து தள்ளிப்போனால் மங்கும். 1953ல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கூச்சலுக்கு நடுவே மனிதக் காது எப்படி ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்கிறது என்று ஆராய்ந்தார். அவர் அதற்கு விருந்துக் கூடத்தை உதாரணம் காட்டினார். நான் என்றால் காசிமேடு மீன் ஏலத்தைக் காட்டுவேன். விடியற்காலை, நூறு குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், வண்டி ஹாரன். அதற்கு நடுவே நாலு கூடை தள்ளி ஒருத்தி உங்கள் பெயரைச் சொன்னால் காது நிமிர்கிறது. குரலுக்குத் திசை இருப்பதும் அதற்கு ஒரு காரணம். திசையை எடுத்துவிட்டால் கூட்டம் வெறும் இரைச்சல்.

பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு பேசவும் அங்கே வழி இருக்கிறது. நம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு அதற்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அது மாதிரி. பெரிய பேச்சுக்குள் சின்னப் பேச்சு ஓட இடமில்லாத கூட்டத்தில் யாரும் மனம் மாறுவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எழுந்து நின்று ‘முடியாது’ என்றவர், பக்கத்து ஆள் காதில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் ‘சரி, யோசிக்கலாம்’ என்று உட்காருவார்.

கிருஷ்ணகிரியில் ஒரு வரவேற்பு

தமிழ்நாட்டில் மெய்நிகர் உலகத்தில் ஊர் கூடியதை முதன்முதலாகப் பலர் கேள்விப்பட்டது 2022 பிப்ரவரியில். கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் என்ற மலைக்கிராமத்தில் தாலி கட்டிக்கொண்ட ஓர் இளம் தம்பதி, வரவேற்பை மெய்நிகர் அரங்கில் வைத்தார்கள். பெருந்தொற்றுக் கட்டுப்பாடு இருந்த நேரம். ஹாரி பாட்டர் கதையில் வருவது போன்ற கோட்டை, அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் உருவங்களாக. விருந்தினர்கள் போனிலும் கணினியிலும் உள்ளே நுழைந்தார்கள். காலமாகிவிட்ட பெண்ணின் தகப்பனாரையும் ஓர் உருவமாகச் செய்து நிறுத்தியிருந்தார்கள். அப்பா வந்து நின்று ஆசி சொன்னால் போதும் என்று ஏங்காத மகள் உண்டா? அதற்காக அந்தத் தம்பதியை நான் மனதார மெச்சுகிறேன்.

ஆனால் அது வரவேற்பு. வரிசையில் வந்து வாழ்த்திவிட்டுப் போகிற இடம். கருத்து வேறுபட்டவர்கள் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருவது வேறு மாதிரியான கூடுகை. அதற்கு உருவமும் குரலும் போதாது, முறை வேண்டும்.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் இன்று யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகாது, சுற்றிச் சுற்றி எல்லார் கைக்கும் வரும். பேச்சுக்கும் அப்படி ஒரு பாடு வேண்டும். மெய்நிகர் கூட்டங்களை வடிவமைக்கும் ஆய்வாளர்கள் இன்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வது இதற்காகத்தான். பேச விரும்புகிறவரை எப்படிக் காட்டுவது, ஒருவரே நெடுநேரம் பேசினால் எப்படி உணர்த்துவது, பேசாதவரை எப்படி இழுத்து வருவது, பேசியதையெல்லாம் எழுத்தாக்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி சுவரில் எப்படி ஒட்டுவது. ஏரியில் இறங்கினவர்கள் எப்போதோ தீர்த்துவைத்த விஷயம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015ல் தொடங்கிய ஆல்ட்ஸ்பேஸ் என்ற மெய்நிகர் கூடத்தை மைக்ரோசாஃப்ட் 2017ல் வாங்கி, 2023 மார்ச்சில் மூடியது. மோசில்லாவின் ஹப்ஸ் 2018ல் வந்து 2024 மே மாதம் நின்றது. நல்லவேளையாக அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி விட்டிருந்ததால், வேறு கைகளில் அது பிழைத்திருக்கிறது. ஆனால் இந்த இரண்டிலும் பழகிய கூட்டங்கள் ஒரே அறிவிப்பில் இடம் இழந்தன. குடிசை மாற்றம் என்ற பெயரில் ஊரே பெயர்க்கப்பட்டதைப் பார்த்த வடசென்னைக்காரனுக்கு, வேறொருவர் நிலத்தில் கூடம் கட்டுவதன் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

அத்தையின் கொண்டை

என் அத்தை பிறந்தது எண்ணூர்க் காட்டுக்குப்பம், வாழ்க்கைப்பட்டது காசிமேடு. முப்பது வருடம் மீன் விற்றவர். அவர் குடும்பத்தில் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அதை விற்றுவிடலாமா, இன்ஜினை மாற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாமா என்று மூன்று வாரமாகப் பேச்சு. மூத்த மகன் இங்கே, இளையவன் ஜுபைலில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோ காலில் உட்காருவார்கள், முடிவு வராமலே எழுந்துவிடுவார்கள்.

பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டு வி.ஆர். கண்ணாடிகளை இரவல் வாங்கினேன். ஜுபைல்காரனிடம் விளையாடுவதற்கென்று ஏற்கெனவே ஒன்று இருந்தது. அத்தைக்கு ஒன்று, மூத்தவனுக்கு ஒன்று. நான் லேப்டாப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சிக்கல் கொண்டை. கண்ணாடியின் பட்டை பின்னந்தலையில் கொண்டை இருக்கிற இடத்திலேயே வந்து உட்காருகிறது. இதை வரைந்தவர் மனதில் கொண்டை போட்ட பெண் ஒருத்தியும் வந்து போகவில்லை. அத்தை முடியை அவிழ்த்துப் பின்னிக்கொண்டார். அரைக் கிலோ எடை முகத்தில் தொங்க, ஐந்தே நிமிடத்தில் நெற்றியில் வியர்வை. அப்புறம் உள்ளே பார்த்துவிட்டு அலறினார்.

“இன்னாடா இது, யாருக்கும் காலே இல்ல? பேயாடா இதுங்க?”

அந்தக் கூடத்தில் உருவங்களுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. கால் தரையில் பாவாதது பேய் என்று கேட்டு வளர்ந்தவருக்கு, பெற்ற பிள்ளை காலில்லாமல் மிதப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சமாதானப்படுத்த நேரமாயிற்று. இளையவன் வலது பக்கத்திலிருந்து “ம்மா” என்றான். அத்தை தலை சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. ஜுபைலில் இருக்கும் மகன் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது சொல்லி, கழுத்து திரும்பியது. கண்ணாடிக்குக் கீழே அவர் உதடு நடுங்கியதைப் பார்த்தேன்.

அடுத்த இருபது நிமிடத்தில் நடந்ததுதான் எனக்குப் பாடம். வீடியோ காலில் போன் மூத்தவன் கையில் இருக்கும். அவன் முகம் பெரிதாக, அத்தை ஓர் ஓரத்தில் பாதி முகமாக. போனைப் பிடித்திருப்பவனுக்கே பேச்சு. அத்தை ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “இரும்மா, நான் சொல்றேன்” என்று அவனே சொல்லிவிடுவான். மெய்நிகர் அறையில் அத்தைக்குத் தனி இருக்கை, மூத்தவன் உருவத்துக்குச் சரியான அளவில் ஓர் உருவம். அவன் பேசும்போது இவர் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினார். ஒப்புக்கொள்ளாதபோது நம் பெண்கள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டம். கண்ணாடி தலையசைவைத் துல்லியமாகப் பிடிக்கும் என்பதால் அது அப்படியே உள்ளே தெரிந்தது. இளையவன் கவனித்துவிட்டான். “ண்ணா, அம்மா ஏதோ சொல்லுது பாரு” என்றான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அத்தை முழுசாகப் பேசினார். படகு வாங்கியபோது பட்ட கடன், தன் நகை அடகு போன கதை, அது ஓடிக்கொண்டிருந்தால்தான் பேரன் கடலை மறக்கமாட்டான் என்ற எண்ணம். இன்ஜினை மாற்றுவது என்று முடிவாயிற்று.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. அத்தைக்குத் தலை சுற்றியது. முதல்முறை கடலுக்குப் போகிறவர்களுக்கு வருமே, அதே மயக்கம். படகின் அறைக்குள் உட்கார்ந்தால் கண் ‘அசையவில்லை’ என்கிறது, உட்காது ‘அசைகிறது’ என்கிறது. வி.ஆரில் அது தலைகீழ். கண்ணும் காதும் சண்டை போட்டால் வயிறு புரள்கிறது. பழகினால் குறையும், எல்லோருக்கும் போகாது. மணிக்கணக்கில் நடக்கும் கூட்டத்துக்கு இது ஒத்துவராது என்பதை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

டெல்லியின் அறை

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய தொழில் திட்டம் ஒன்று வருமுன் அந்த இடத்திலோ பக்கத்திலோ மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உரிய நிலையில் உள்ள அதிகாரியோ தலைமை. நடப்பதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும், முடிவில் பேசியதன் சுருக்கத்தை மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளூர் மொழியில் தரக் கட்டாயம் இருப்பது அறிக்கையின் சுருக்கத்தை மட்டும். நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள முழு அறிக்கை ஆங்கிலத்தில்தான் கிடக்கும். கூட்டம் நடக்க இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஒருவரும் வராவிட்டாலும் நடந்ததாகவே கொள்ளப்படும்.

எண்ணூர் அனல் மின் நிலையத்தின் கதை பலருக்குத் தெரியும். 1970ல் தொடங்கி, 450 மெகாவாட் திறனோடு ஓடி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதே இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கம் வேண்டும் என்று திட்டம். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் நடந்தது. ஊர் திரண்டு எதிர்ப்புச் சொன்னது. 500 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலக்கரி மின் நிலையம் என்றால் அதை எடைபோடுவது டெல்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு. 2020 பெருந்தொற்றிலிருந்து அந்தக் குழு காணொளியிலும் கூடப் பழகிவிட்டது. எர்ணாவூரில் அழுது பேசிய ஒரு தாயின் வார்த்தை, நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கி, விண்ணப்பதாரரின் பதிலோடு ஓர் அட்டவணையில் உட்கார்ந்து, கணினித் திரையில் நிபுணர் முன் நகர்கிறது. அந்த அட்டவணைக்குத் திசையும் இல்லை, குரலும் இல்லை.

காகிதம் என்ன செய்யும் என்பதை எண்ணூர் ஏற்கெனவே பட்டு அறிந்திருக்கிறது. 1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகமும் அதன் நீர்ப்பரப்பும் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் காட்டப்பட்டிருந்தன. பிறகு அதிகாரிகள் காட்டிய இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. 2017ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகச் சூழல் ஆர்வலர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். அலை ஏறி இறங்கும் இடம், அலையாத்தி நிற்கும் இடம், பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் எடுக்கும் இடம் காகிதத்தில் காணாமல் போயிருந்தது. அங்கே ஒரு தடவை நின்றவர் அப்படி ஒரு கோட்டைப் போட்டிருக்க முடியுமா?

மெய்நிகர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மீனவக் குப்பத்துக்கு வந்து, ‘இனிமேல் நீங்கள் வீட்டிலிருந்தே கருத்துச் சொல்லலாம்’ என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஊர் கூடி ஒரே பந்தலில் நிற்பதில் இருக்கிற பலம், வீட்டுக்கு ஒரு கண்ணாடியாகப் பிரிந்தால் போய்விடும். மண்ணில் இருப்பவர்களை எதற்கு மெய்நிகருக்குக் கூப்பிட வேண்டும்? மண்ணைப் பார்க்காதவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். கண்ணாடி அவர்களுக்குத்தான் தேவை.

இதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. 2015 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில், ஜோர்டானின் ஸாத்தாரி அகதி முகாமில் வாழ்ந்த 12 வயது சிரியச் சிறுமியைப் பற்றி ஐ.நா. எடுத்த வி.ஆர். படத்தை அங்கே வந்த பெரிய மனிதர்களுக்குக் கண்ணாடி மாட்டிக் காட்டினார்கள். முகாமுக்குள் நிற்பது போல அவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். ஆனால் அந்தச் சிறுமியிடம் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை, அவளும் திருப்பிக் கேட்க முடியவில்லை. சோஷியல் வி.ஆர். வந்தபின் அந்தக் குறை தீரும். இடத்தைச் சுற்றிலும் படமெடுத்து, முகத்துவாரத்தை, செப்பாக்கத்து அனல் மின் நிலையச் சாம்பல் குளத்தை, கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும் குழாய்களை உள்ளபடியே ஒரு மெய்நிகர் நிலமாக்கலாம். டெல்லிக் குழுவினர் அதில் வந்து நிற்கட்டும். இங்கிருந்து காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், எர்ணாவூர்ப் பெண் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று நாலைந்து பேர் அதே நிலத்தில் அவர்களோடு நிற்கட்டும். பெரியவர் கையை நீட்டி, ‘இந்தப் பக்கம் முன்னே எத்தனை ஆழம் தெரியுமா’ என்று கேட்கும்போது, நிபுணர் தலை அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அத்தை தலை மகன் குரலுக்குத் திரும்பியதைப் போல.

வீட்டுக்காரர் நாம், விருந்தாளி அவர்கள் என்பதுதான் முதல் விதியாக இருக்க வேண்டும். கூட்டத்தை நடத்துகிறவர் ஊர்க்காரர். பேச்சு தமிழில், மொழிபெயர்ப்பு அவர்கள் காதில். தமிழை ஆங்கிலமாக்கி நாம் திக்கித் திணற வேண்டியதில்லை. ஒருவர் பேசி முடித்ததும் முறை அடுத்தவருக்குப் போகும், பழவேற்காட்டுப் பாடு மாதிரி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கண்ணாடியைக் கழற்றி மூச்சு விடலாம். ஊர்ப் பந்தலில் பெரிய திரை கட்டி, உள்ளே நடப்பதை எல்லா மக்களும் பார்க்க வேண்டும். நாலு பேர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்ததை ஊர் நம்புவதற்கு அது ஒன்றுதான் வழி. உருவங்களின் உயரம் சமமாக இருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயரமான உருவம் கிடைத்தவர்கள் பேரத்தில் கூடுதல் வீம்போடு நடந்துகொண்டார்கள் என்று யீயும் பெய்லென்சனும் 2007லேயே சோதித்துச் சொன்னார்கள். மேடைமேல் அதிகாரி, கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர் என்ற பழைய ஏற்பாடு என்ன செய்தது என்பதற்கும் அந்த ஆய்வில் பதில் இருக்கிறது.

இதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் நகரத்திலேயே இருக்கிறார்கள். நகரின் மறுகோடியில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் வழிநடத்தும் எக்ஸ்.டி.ஐ.சி. ஆய்வு மையம் மெய்நிகர் உலகத்திலும், தொடுவதை உணரவைக்கும் கருவிகளிலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவருகிறது. அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வர ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அவர்கள் ஒரு தடவை வந்து வலைக்கூடத்தில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

பயப்பட வேண்டிய காரியங்களும் இருக்கின்றன, மறைக்கமாட்டேன். 2020ல் வந்த ஓர் ஆய்வில் 511 பேர் வி.ஆர். கண்ணாடியில் படம் பார்த்தார்கள். பெயர் இல்லாமல், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தலையசைவு, கையசைவுப் பதிவை மட்டும் வைத்து இவர் இன்னார் என்று 95 சதவீதம் சரியாகக் கணினி கண்டுபிடித்தது. பெரிய ஆலையை எதிர்த்துப் பேசுகிறவனின் அசைவு யாருடைய கணினியில் சேமிக்கப்படுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் பெரிய கம்பெனியின் கூடத்தில் இது நடக்கக் கூடாது, யாரும் எடுத்து இயக்கக்கூடிய திறந்த நிரலில், நம் ஊர் சர்வரில் நடக்க வேண்டும் என்கிறேன். இன்னொரு பயம், ஆலைக்காரர்களும் இதே கண்ணாடியில் பச்சைப் பசேலென்ற தோட்டத்தை வரைந்து காட்டுவார்கள். அதற்கு மருந்து ஒன்றுதான். எது படமெடுத்தது, எது வரைந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்க வேண்டும், எந்தத் தேதியில் எடுத்தது என்பதோடு.

கண்ணாடிக்கு எட்டாத ஒன்றும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குக் கடலடியில் வரும் அமோனியாக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சடைத்து, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்து, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்துப் போயிருந்தது. மக்கள் வாளியும் கையுமாக அதை வழித்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் வாளிதான். அந்த நெடியை எந்தக் கண்ணாடியும் கொண்டுபோகாது. ஆகவே மெய்நிகர்ச் சந்திப்பு நேரில் வருவதற்கு முன்னால் நடக்கட்டும், நேரில் வருவதற்குப் பதிலாக நடக்கக் கூடாது. மெய்நிகரில் பார்த்துவிட்ட ஒருவருக்கு, அடுத்து விமானச் சீட்டு எடுக்காமல் இருக்கச் சாக்குக் குறைவு.

இரவல் கண்ணாடிகளைத் திருப்பிக் கொடுக்கும் அன்று அத்தை வீட்டுக்குப் போனேன். டெல்லிக்காரர்களை இப்படி முகத்துவாரத்தில் நிற்க வைத்தால் என்ன கேட்பீர்கள் என்று சும்மா கேட்டேன். அவர் கொண்டையை முடிந்துகொண்டே யோசித்தார்.

“கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தண்ணியில நிக்கச் சொல்லுவேன். எங்கம்மா எறா தடவுன எடத்துல. கால்ல இன்னா ஆவுது, சேறா சாம்பலான்னு அவங்களே சொல்லட்டும். அவங்களுக்காவது கால் இருக்குமாடா அதுல?”

நண்பருக்குப் போன் செய்து, கால் உள்ள உருவங்கள் எந்தக் கூடத்தில் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.